நாடி பார்க்கும் கைக்குக் கூலி யார் தருவது?

“காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை அரசாங்கம் கொடுக்கும் என்கிறார்கள். ஆனால் பேரனுக்குக் காய்ச்சல் என்று தெருக்கோடி டாக்டரிடம் போனால், அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பீஸ் கேட்கிறார். இது எந்த ஊர் நியாயம்?”

செங்கற்பட்டில் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. சட்டப்படி பார்த்தால் இதற்கு விடை ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த அட்டை அதற்கு உரியதன்று. டாக்டர் மீது குற்றமில்லை. அறத்தின்படி விடை தேடப் புகுந்தாலோ அவ்வளவு எளிதில் கரையேற முடியாது. நோயாளியின் மானம், மருத்துவரின் கூலி, பொதுப்பணத்தின் பொறுப்பு ஆகிய மூன்றும் அந்தச் சிறு கேள்விக்குள் சுருண்டு கிடக்கின்றன.

முதலில் அட்டையின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 2009ஆம் ஆண்டு ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்ற பெயரில் அது தமிழகத்தில் பிறந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறு உருவம் பெற்றது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பம் பிரீமியம் கட்டுவதில்லை, அரசு கட்டுகிறது. இதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரகம் பழுதானவர்க்கு டயாலிசிஸ் என்று, வீட்டை விற்றாலும் ஈடுகொடுக்க முடியாத செலவுகளை அது தாங்குகிறது. அதனால் பிழைத்த உயிர்கள் நம் மஹல்லாக்களிலேயே உண்டு. அந்த நன்றியை மறந்துவிட்டுப் பேசுவது முறையன்று.

ஆயினும் அத்திட்டத்தின் கண்ணுக்கு ஒருவர் நோயாளியாகத் தெரிய வேண்டுமானால், பெரும்பாலும் அவர் கட்டிலில் படுத்தாக வேண்டும். நடந்து வருகிறவர், நின்று பேசுகிறவர், “இரண்டு நாளாகத் தலை கனக்கிறது டாக்டர்” என்கிறவர், அதன் கண்ணில் படுவதில்லை. இரத்த அழுத்தம் பல ஆண்டுகள் ஓசையின்றிச் சிறுநீரகத்தை அரிக்கிறது. அந்நாட்களில் மாதம் ஒருமுறை அழுத்தத்தை அளந்து, மலிவான மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுக்கும் தெரு மருத்துவருக்கு அத்திட்டத்திலிருந்து ஒரு காசும் போவதில்லை. சிறுநீரகம் முற்றிலும் கெட்ட பிறகு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் இயந்திரத்தோடு இணைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆயிரக்கணக்கில் போகிறது. அணை உடைந்தபின் மணல் மூட்டை அடுக்கப் பணம் உண்டு. கரையில் எலி வளை அடைக்கப் பணம் இல்லை.

“அதற்குத்தான் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதே!” என்று உடனே ஒரு குரல் எழும். எழ வேண்டிய குரல்தான். செங்கற்பட்டில் 1965 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அதன் மருத்துவமனை மாவட்டத்தின் பெருந்துணை. ஊர்தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளன. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் அழுத்தத்துக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், இதே மாவட்டத்து மேல்மருவத்தூரில், சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் வேகத்தை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இவையெல்லாம் இருந்தும் மாலை ஆறு மணிக்குமேல் தெரு டாக்டரின் வாசலில் ஏன் கூட்டம் கூடுகிறது? கடிகாரம்தான் காரணம். கோவளத்திலும் தேவனேரியிலும் கொக்கிலமேட்டிலும் கடலுக்குப் போகிறவர் விடியுமுன் போகிறார். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடத்தில் உளி பிடிப்பவர்க்கு அரை நாள் போனால் அரை நாள் கூலி போயிற்று. அரசு நிலையங்களில் புறநோயாளிகளைப் பார்ப்பது பெரும்பாலும் காலை நேரத்தில். இலவச வைத்தியத்துக்கு ஒரு நாள் கூலியை விலையாகக் கொடுப்பதைவிட, மாலையில் பீஸ் கொடுத்துப் பார்ப்பது அவர்களுக்கு இலாபம். ஏழையைக் கணக்குத் தெரியாதவன் என்று எண்ணுவது நம் அறியாமை. அவனைப் போலக் கணக்குப் போடுகிறவர் யாருமில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் மக்கள் அதைக் ‘கைராசி’ என்று சொல்வார்கள். படித்தவர்கள் அச்சொல்லைக் கேட்டுச் சிரிக்கலாம். அதற்குள் ஒரு பொருள் இருக்கிறது. பாட்டிக்கு இழுப்பு, தகப்பனுக்குச் சர்க்கரை, மூத்த பெண்ணுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அந்த மருத்துவருக்குத் தெரியும். வீட்டில் யாருக்கு வேலை போயிற்று, எந்த மருமகள் வாய் திறந்து பேசமாட்டாள் என்பதும் தெரியும். நோயாளி சொன்னதைவிடச் சொல்லாததைக் கொண்டு நோயை அறிகிறவர் அவர். அந்த அறிவு ஒரு நாளில் வருவதன்று, இயந்திரத்திலும் வருவதன்று. இன்று குடும்ப மருத்துவம் என்பதே தனிப் பட்டப் படிப்பாக வளர்ந்திருக்கிறது. ஆனால் அந்தப் பட்டத்தை வாங்கியவர் சிறு ஊரில் கடை விரித்தால், காப்பீட்டுப் பணம் எதுவும் அவர் கதவைத் தட்டுவதில்லை.

மாமல்லபுரத்தை எடுத்துக்கொள்வோம். கல்லைக் கனியாக்கும் கலை அங்கே இன்றும் வாழ்கிறது. 1957 முதல் சிற்பக்கலைக்கென்று அரசு கல்வி நிலையம் இயங்குகிறது. 2017இல் மாமல்லபுரத்துக் கற்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. உலகெங்கும் அச்சிலைகள் கப்பலேறுகின்றன. அவற்றைச் செதுக்கியவரின் நெஞ்சுக்குள் என்ன ஏறுகிறது என்று கேட்பவர் குறைவு. கருங்கல்லில் சிலிக்கா என்னும் பொருள் உண்டு. அக்காலத்து உளியும் சுத்தியலும் சில்லுகளைச் சிதறடித்தன. இக்காலத்து மின் அறுவை இயந்திரமோ கண்ணுக்குத் தெரியாத நுண்தூளைப் புகைபோல் எழுப்புகிறது. அத்தூள் நுரையீரலின் அடி அறைகள்வரை போய்த் தங்கி, அங்கே தழும்புகளை உண்டாக்குகிறது. ‘சிலிகோசிஸ்’ என்பது அந்நோயின் பெயர். வந்த தழும்பை அழிக்கும் மருந்து இன்றுவரை இல்லை. காசநோய் பற்றிக்கொள்ளும் வாய்ப்பையும் அது கூட்டுகிறது.

மருந்தில்லாத நோய்க்கு மருத்துவர் எதற்கு என்று கேட்கலாகாது. இங்குதான் அவர் மிகவும் வேண்டும். தொடக்கத்தில் அது வெறும் இருமல். படியேறினால் சற்று மூச்சு வாங்கும். அதற்காக யாரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. இருமல் மருந்து ஒரு புட்டி வாங்கிக் குடித்துவிட்டு மறுநாள் பட்டறைக்குப் போகிறார்கள். குடும்ப மருத்துவர் ஒருவர் இருந்து, “என்ன வேலை செய்கிறீர்? எத்தனை ஆண்டாக?” என்று கேட்டால் போதும். மார்புப் படம் எடுக்கச் சொல்வார். கல்லை நனைத்து அறுக்கச் சொல்வார். தூளைத் தடுக்கும் முகமூடி கேட்டு வாங்கச் சொல்வார். தேவைப்பட்டால் வேலையை மாற்றச் சொல்வார். இவற்றில் ஒன்றுகூட அறுவைச் சிகிச்சையன்று. ஒன்றுக்குக்கூடக் கட்டில் வேண்டாம். ஆதலால் பெரும்பணம் தரும் திட்டத்தின் பட்டியலில் இந்த உரையாடலுக்கு இடமில்லை. ஒரு மனிதனின் இருபதாண்டு மூச்சைக் காக்கக்கூடிய ஐந்து நிமிடப் பேச்சுக்கு விலையே போடப்படவில்லை.

கல் தூளுக்கும் கரித் தூளுக்கும் உறவு உண்டு. பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில் கிளின்காரக் என்றொரு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். ஜூலியன் டூடர் ஹார்ட் என்ற மருத்துவர் 1961இல் அங்கு போய் அமர்ந்தார். வருகிறவரை மட்டும் பார்ப்பதோடு நில்லாமல், வராதவர்களையும் தேடிப் பிடித்து ஊரார் இரத்த அழுத்தத்தை அளந்தார். ஏறத்தாழ 25 ஆண்டு உழைப்புக்குப் பின், அண்டைக் கிராமத்தைவிடத் தம் கிராமத்தில் அகால மரணம் குறைந்திருப்பதை 1991இல் எழுதிக் காட்டினார். அவரே 1971இல் ஒரு விதியையும் கூறியிருந்தார். எங்கே நல்ல மருத்துவம் மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது. சந்தையின் பிடி இறுகும் இடத்தில் இந்தத் தலைகீழ் நிலையும் கூடுகிறது என்பது அதன் கருத்து. தாம்பரம் முதல் மாமல்லபுரம்வரை பெரிய ஆஸ்பத்திரிகளும் மீனவர் குப்பங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்து வருகிறவர்க்கு இந்த விதியை விளக்கத் தேவையில்லை.

டூடர் ஹார்ட்டுக்கு மாதச் செலவைப் பற்றிய கவலை இல்லை. நாட்டின் பொதுமருத்துவ சேவை அவரைத் தாங்கியது. அந்தச் சேவைக்கும் விதை சுரங்கத் தொழிலாளர்கள் போட்டதே. வேல்ஸின் டிரெடிகர் என்ற ஊரில் 1890இல் தொழிலாளர்கள் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் கண்டார்கள். வாரக் கூலியில் சிறு பங்கைப் பொதுப் பெட்டியில் போட்டு, அதிலிருந்து மருத்துவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அவ்வூரில் பிறந்த அனூரின் பெவன் அமைச்சரானபோது, அந்த ஊர்ப் பழக்கமே நாட்டின் ஏற்பாடாகி 1948 ஜூலை 5 அன்று நடைமுறைக்கு வந்தது. பெட்டியிலிருந்து முதலில் கூலி பெற்றவர் குடும்ப மருத்துவர் என்பதை நாம் கருத வேண்டும்.

இதைச் சொல்ல வேல்ஸ்வரை போகவும் வேண்டியதில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் புகழ்பெற்ற பேராசிரியராய் இருந்த டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்ற அமைப்பை அடையாற்றில் நிறுவினார். குடும்பங்கள் தத்தம் வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுச் சந்தா செலுத்தி, நோய் வருமுன்னரே உடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பரங்கிமலை வட்டாரக் கிராமங்களில் சிறு சுகாதார நிலையங்களைத் தொடங்கி, அங்கும் மக்களையே பங்காளிகளாக்கப் பார்த்தார். ஏழையிடம் கூட ஒரு சிறு தொகை வாங்கினார். சிலர் அதைக் குறை கூறினார்கள். அவர் பார்வை வேறு: பங்கு செலுத்தியவன் கேள்வி கேட்பான், இலவசமாகப் பெறுகிறவன் தலை குனிந்து நிற்பான்.

இதற்கு நேர் எதிரே இன்னொரு பெருமகனை நிறுத்திப் பார்க்கலாம். வடசென்னை வண்ணாரப்பேட்டையில் இரண்டு ரூபாய்க்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கி, பிறகு ஐந்து ரூபாய்க்குமேல் கேட்காமலே பல பத்தாண்டுகள் வாழ்ந்த டாக்டர் ஜெயச்சந்திரன். 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது அந்தப் பகுதியே வீதிக்கு வந்து அழுதது. அத்தகையவர்களை எண்ணும்போது நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் நெகிழ்ந்த நெஞ்சோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் மறைந்த மறுநாள் அந்த நோயாளிகள் எங்கே போனார்கள்? தருமவானின் கருணை அவரோடு புதைகுழிவரை போகிறது. பொதுப்பெட்டி நின்று வேலை செய்கிறது. ஒரு தனி மனிதரின் தியாகத்தை ஊரார் உரிமையாக எண்ணிக்கொண்டு, அவர் வாடகைக்கும் நர்ஸின் சம்பளத்துக்கும் என்ன செய்கிறார் என்று கேளாமல் இருப்பது, போற்றுதலின் பெயரால் நடக்கும் ஒருவகைச் சுரண்டல் என்றே நான் கருதுகிறேன். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அதில் மருத்துவருக்கு மட்டும் விலக்கு ஏது?

நம் மாவட்டத்தில் அந்தப் பொதுப்பெட்டி அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மறைமலைநகர்த் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்க்கு இ.எஸ்.ஐ. உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த ஏற்பாடு அது. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து செலுத்துகிறார்கள். 2019 ஜூலையில் அப்பங்கு முறையே முக்கால் சதவீதம், மூன்றேகால் சதவீதம் எனக் குறைக்கப்பட்டது. அவர் மனைவி மக்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். மேற்கு வங்கம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் இத்திட்டம் தனியார் குடும்ப மருத்துவரையே பதிவு செய்துகொண்டு, அவரிடம் சேர்ந்த குடும்பங்களின் கணக்குக்கு ஏற்பப் பணம் கொடுக்கும் வழக்கமும் உண்டு. ஆக, பெரியவர் கேட்டது நடவாத காரியமன்று. கல்பாக்கம் அணுசக்தி நகரியத்தில் ஊழியர்கள் சம்பளத்தில் பங்கு செலுத்தி, இருமல் முதல் இதயநோய்வரை பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்தாற்போல் இருக்கும் சதுரங்கப்பட்டினத்து மீனவர்க்கு அந்த வாய்ப்பில்லை. அதே கடற்காற்று, அதே இருமல்.

இனி நம்மவர் மனத்திலுள்ள இரண்டு தயக்கங்களுக்கு வருவோம். இன்ஷூரன்ஸ் என்றாலே வட்டியும் சூதும் கலந்ததாயிற்றே என்பது முதல் தயக்கம். இது புறக்கணிக்கத் தக்கதன்று. 1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, இலாபத்துக்காக நடத்தப்படும் வணிகக் காப்பீட்டை விலக்கி, ஒருவர்க்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. அஷ்அரீ கோத்திரத்தார் உணவு குறைந்த காலத்தில் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டதையும், அவர்களைப் பெருமானார் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று பெருமைப்படுத்தியதையும் ஹதீஸில் காண்கிறோம். ஊருக்கு ஊர் உள்ள ஏற்பாடுகளில் எது எந்த வகை என்று தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் வேலை. துணியை விரிப்பதா வேண்டாமா என்ற கேள்வி மட்டும் அங்கேயே தீர்ந்துவிட்டது.

இரண்டாவது தயக்கம் ரோஷத்தைச் சார்ந்தது. கொடுக்கும் கை மேலானது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அட்டையை நீட்டுவது கை ஏந்துவது போலாகாதா? ஆகாது. அரசாங்கத்தின் பணம் வானத்திலிருந்து கொட்டியதன்று. சோப்பு வாங்கும்போதும், தீப்பெட்டி வாங்கும்போதும், படகுக்கு இயந்திரம் வாங்கும்போதும் அந்த மீனவர் வரி செலுத்தியிருக்கிறார். பெட்டியில் தம் பங்கைப் போட்டவர் பெட்டியைத் திறக்கச் சொல்கிறார். அதில் நாணத்துக்கு இடமில்லை.

நாணம் எங்கே புகுகிறது என்றால், மருத்துவமனை வராந்தாவில் புகுகிறது. காசு கொடுப்பவர்க்கு மின்விசிறியின் கீழ் நாற்காலி. அட்டைக்காரருக்கு ஓரத்து பெஞ்சு. காசுக்காரரை “வாங்க” என்றும், அட்டைக்காரரை “அந்தப் பக்கம் நில்லு” என்றும் அழைக்கும் வாய். இது எல்லா இடத்திலும் இல்லை. இருக்கும் இடங்களை நாம் அறிவோம். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் வக்ஃபு செய்து எழுப்பிய மருத்துவமனையில் அரசனும் அடிமையும் ஒன்றுபோல் ஏற்கப்பட வேண்டும் என்பது விதி; வீட்டில் கிடக்கும் ஏழை நோயாளிக்கும் அங்கிருந்து மருந்து போக வழி செய்யப்பட்டிருந்தது. பொதுப்பணத்தை ஏற்கும் கிளினிக் ஒரே ஒரு பெஞ்சு மட்டும் போடட்டும். வந்த வரிசையில் உட்காரட்டும். இதற்குச் சட்டம் தேவையில்லை. மருத்துவர் நினைத்தால் போதும்.

டாக்டர்களின் பக்கத்தையும் கேட்க வேண்டும். அரசு தரும் விகிதம் போதாது, வரும் பணமும் தாமதமாக வருகிறது என்பது மருத்துவமனைகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறை. பெரிய ஆஸ்பத்திரி ஆறு மாதம் தாங்கும். ஒற்றை அறைக் கிளினிக் ஆறு வாரம் தாங்காது. இன்னோர் ஆபத்தும் உண்டு. பிறர் கொடுக்கும் பணம் என்றதும் நோயாளிக்கு ஒரு டானிக் கூட வேண்டியிருக்கிறது. மருத்துவருக்கு ஒரு சோதனை கூட எழுதத் தோன்றுகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் பணம் என்றால் சோதனை பெருகும். தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்தாலோ, பேர் எழுதிக்கொண்டு முகம் பாராமல் அனுப்பும் ஆசை வரும். இதற்கு முழுமையான பூட்டு எந்த நாட்டிலும் கண்டுபிடிக்கப்படவில்லை. பூட்டு அரைவாசி, மீதி அமானிதம். ஊரார் பணம் தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று மருத்துவரும், தாம் மிகுதியாக எடுப்பது அடுத்த வீட்டுப் பிள்ளையின் மருந்து என்று நோயாளியும் நினைக்க வேண்டும். முகம் தெரிந்த சிறு ஊர்க் கிளினிக்கில் அந்த நினைவு சற்றுச் சுலபமாக வருகிறது என்பதும் அதற்கு ஆதரவான வாதமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடற்கரைக் கிராமங்கள் நான்கைந்து சேர்ந்து 1,500 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 100 ரூபாய் என்றால் 1,50,000 ரூபாய். மருத்துவர் ஒருவர், நர்ஸ் ஒருவர், அறை வாடகை, அன்றாட மருந்துகள் என்று பார்த்தால் மிகவும் இறுக்கிப் பிடித்து நடத்தலாம். தாராளமாக நடத்த முடியாது. இயலாத குடும்பங்களின் பங்கை ஊர் ஜமாஅத்தோ கோயில் கமிட்டியோ மீனவர் சபையோ ஏற்கலாம். பாதியை அரசு காப்பீட்டு நிதியிலிருந்து கொடுத்தால் சுமை குறையும். ஒரு குடும்பத்தின் ஒரே ஒரு டயாலிசிஸ் ஆண்டு தள்ளிப்போனாலும் அரசுக்கு அது நஷ்டக் கணக்காகாது.

எஞ்சி நிற்பது சிற்பப் பட்டறை. இ.எஸ்.ஐ.யில் முதலாளிக்குப் பெரிய பங்கு இருப்பதற்குக் காரணம், நோயின் ஒரு பகுதி அவருடைய கூரையின் கீழ் உண்டாகிறது என்பதே. சிலிகோசிஸ் போன்ற தூசி நோய்களைச் சட்டமே தொழில்வழி நோயென ஏற்றிருக்கிறது. சிறு பட்டறைகளோ அந்த வலைக்கு வெளியே நிற்கின்றன. சிலையை ஏற்றுமதி செய்கிறவர், பட்டறை நடத்துகிறவர், உளி பிடிக்கிறவர் மூவரும் உட்கார்ந்து பேசும் நாள் வந்தால், அந்தப் பெட்டியில் யார் எவ்வளவு போடுவது என்பதற்கு முன்னால், ஆண்டுக்கொருமுறை எடுக்க வேண்டிய மார்புப் படத்துக்கு எந்த நாளில் கூலியோடு விடுப்பு என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும்.